ட்ரக் பேட்டரியிலிருந்து கேம்பருக்கு: செவன்-பின்னா, ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

பிக்கப் ட்ரக்கின் பின்தொட்டியில் ஏற்றி இறக்கும் தங்கும் கூடான கேம்பர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. "மூணு மணி நேரம் ஓட்டினோம், பிளக் சரியாத்தான் மாட்டியிருக்கு, ஆனாலும் ராத்திரி ஹீட்டர் ஃபேன் சுத்த மாட்டேங்குது." பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் போடுவார்கள். அடுத்த பயணத்திலும் அதே கதை. பெரும்பாலும் பேட்டரி மேல் குற்றமில்லை. எஞ்சினிலிருந்து கேம்பர் பேட்டரி வரைக்குமான வழியில் வோல்டேஜ் கரைந்துபோகிறது.

அந்த வழியை அமைக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் நான்கு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ட்ரெய்லர் இணைக்க ட்ரக்கோடு வந்த ஏழு முனை 'செவன்-பின்' பிளக்கையே நம்புவது முதலாவது. தடித்த வயர் இழுத்து நடுவில் சாலினாய்டு (மின்காந்தத்தால் சேர்ந்து பிரியும் பெரிய சுவிட்ச்) போடுவது இரண்டாவது. அதே வயரில், வோல்டேஜைப் பார்த்துத் தானாகச் சேர்ந்து தானாகப் பிரியும் ரிலே போடுவது மூன்றாவது. வருகிற வோல்டேஜை வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் நான்காவது. எது பொருந்தும் என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: உங்கள் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) பழைய மாதிரியா, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் 'ஸ்மார்ட்' வகையா; கேம்பரில் இருப்பது ஈயப் பேட்டரியா, லித்தியமா; தினமும் ஓட்டுகிறீர்களா, ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிறுத்துகிறீர்களா.

முதலில் வயர் கணக்கு

எந்த முறையை எடுத்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. 10 கேஜ் செம்பு வயருக்கு 1 அடிக்கு ஏறக்குறைய 1 மில்லி ஓம் மின்தடை. கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். எண்ணில் 3 குறைந்தால் தடை பாதியாகும். ஆக 7 கேஜுக்கு அரை மில்லி ஓம், 4 கேஜுக்குக் கால். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சம் வாய்க்கணக்கு.

பானட்டிலிருந்து கேம்பரின் பேட்டரிப் பெட்டிவரை, வளைவு நெளிவோடு சேர்த்து, 25 அடி என்று வைத்துக்கொள்வோம். போக 25, திரும்ப 25, மொத்தம் 50 அடி. 10 கேஜ் வயரில் 20 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தாலும் கேம்பருக்கு வருவது 13. ஏஜிஎம்மோ (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈயப் பேட்டரி) தண்ணீர் ஊற்றும் ஈயப் பேட்டரியோ முழுதாக ஏற வேண்டுமானால் அதன் டெர்மினலிலேயே 14.4 வோல்ட் அல்லது அதற்கும் மேல் வேண்டும். அதே 20 ஆம்பியர் 4 கேஜில் ஓடினால் இழப்பு கால் வோல்ட்தான்.

நெகட்டிவ் பக்கத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பாசிட்டிவுக்கு விரல் தடிமனில் வயர் இழுத்துவிட்டு, திரும்பும் வழியைப் பின்தொட்டியின் தகட்டில் ஒரு ஸ்க்ரூவில் முடித்துவிடுவார்கள். ஃபோர்டு எஃப்-150 2015 மாடலிலிருந்தும், சூப்பர் டியூட்டி 2017 மாடலிலிருந்தும் அலுமினிய பாடியோடு வருகின்றன. அலுமினியத்தில் செம்பு லக்கை (வயர் நுனியில் அழுத்தும் வளையத்தை) வைத்து முறுக்கினால், உப்புத் தூவிய குளிர்காலச் சாலையில் ஓடிய பிறகு அங்கே வெள்ளைப் பூப்பு பூத்திருக்கும். பாசிட்டிவ் எவ்வளவு தடிமனோ அதே தடிமனில் நெகட்டிவ் வயரும் முன்னாலிருந்தே வர வேண்டும். முன்பக்கத்தில் அதை பேட்டரியின் நெகட்டிவ் முனையில் நேராக மாட்டாமல், ட்ரக் கம்பெனி எர்த் அடித்திருக்கும் போல்ட்டில் மாட்டுங்கள். பல புது ட்ரக்குகளில் நெகட்டிவ் முனையில் கரண்ட்டை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி மாட்டினால் வண்டியின் கணக்கு தப்பும்.

செவன்-பின்: இருக்கிறது, ஆனால்

செலவே இல்லாத வழி. விளக்கு, பிரேக், இண்டிகேட்டரோடு ஒரு சார்ஜ் முனையும் இந்தப் பிளக்கிலேயே வருகிறது. வழக்கமாக 10 அல்லது 12 கேஜ் வயர், 30 ஆம்பியர் ஃப்யூஸ். பழைய ஜிஎம் பிக்கப் சிலவற்றில் இந்தச் சார்ஜ் வயர் ஃப்யூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும், ஸ்டட்டில் மாட்டியே இருக்காது. சார்ஜே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பாதி இறங்கிய 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் இரண்டு என்றால், இந்த வழியில் ஆரம்பத்தில் 15 ஆம்பியர் பக்கம் போகும். பேட்டரியின் வோல்டேஜ் ஏற ஏற இடைவெளி சுருங்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். மூன்று மணி ஓட்டத்தில் 25, 30 ஆம்பியர்-மணி கிடைத்தால் நல்லது. தேவையோ 100.

இதில் ஃப்ரிட்ஜ் வந்து உட்கார்ந்தால் அதுவும் இல்லை. கேஸிலும் 120 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலும் ஓடும் மூன்று வழி ஃப்ரிட்ஜை 'டிசி'யில் வைத்து ஓட்டினால், ஹீட்டர் கம்பி மட்டுமே 12, 15 ஆம்பியரைத் தின்றுவிடும். ட்ரக் கொடுப்பது முழுவதும் அதற்கே சரி. சில வண்டிகளில் அது போதாமல் கேம்பர் பேட்டரியிலிருந்தும் எடுக்கும். ஓட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும் விசித்திரம் அப்படித்தான் நடக்கிறது. மேலே சொன்ன புகாரில் பாதிக்கு விடை ஃப்ரிட்ஜின் அந்தச் சுவிட்ச்.

ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள ட்ரக்கில் இன்னொரு தலைவலி. தன் பேட்டரி நிறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவெடுத்தால் பெட்ரோல் மிச்சம் பிடிக்க வோல்டேஜை 13க்கும் கீழே இறக்கிவிடும். கேம்பர் காலியாக இருப்பது அதற்குத் தெரியாது. ஜிஎம் பிக்கப் கையேடுகளிலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள்: வெளி பேட்டரிக்குச் சார்ஜ் வேண்டுமானால் டோ/ஹால் (பாரம் இழுக்கும்போது போடும்) பட்டனை அழுத்துங்கள், அது இல்லாவிட்டால் ஹெட்லைட்டைப் போடுங்கள், வோல்டேஜ் ஏறும் என்று. காசு செலவில்லாத வைத்தியம், செய்து பார்க்கலாம்.

எல்இடி விளக்கு, வாட்டர் பம்ப், போன் சார்ஜ் என்று சிக்கனமாக இருந்து, ஃப்ரிட்ஜைக் கேஸில் ஓட்டி, கூரையில் ஒரு சோலார் பேனலும் உள்ளவர்களுக்குச் செவன்-பின்னே போதும். மற்றவர்கள் அதை விளக்குக்கு மட்டும் விட்டுவிட்டு, சார்ஜுக்குத் தனி வயர் இழுப்பதுதான் சரி.

சாலினாய்டு

தனி 4 கேஜ் ஜோடி வயர், நடுவில் ஒரு சாலினாய்டு. சாவி திருப்பினால் சேரும், அணைத்தால் பிரியும். மொத்தத் தடையை 20 மில்லி ஓமுக்குள் வைத்துவிட்டால் மேலே சொன்ன ஏஜிஎம் ஜோடிக்கு ஆரம்பத்தில் 50 ஆம்பியர்வரை போகும். மலிவு, எளிது, கெட்டால் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும். ஈயப் பேட்டரியும் பழைய மாதிரி ஆல்டர்னேட்டரும் உள்ளவர்களுக்கு இதைவிட அதிகம் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சாலினாய்டும் இதுவும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஸ்டார்ட்டருக்கானது சில நொடி வேலைக்குச் செய்தது. மணிக்கணக்கில் போட்டுவைத்தால் காயில் எரிந்துவிடும். 'கன்டினியூவஸ் டியூட்டி' என்று போட்டிருப்பதே வேண்டும். அதுவும் 1 ஆம்பியர் அளவு தின்று கை வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

சிக்கல் ட்ரிகர் வயரில், அதாவது சாலினாய்டைச் சேரச் சொல்லும் சிறு வயரில், வருகிறது. சாவியை 'ஆன்' வைத்ததும் சாலினாய்டு சேர்ந்துவிட்டால், செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் கேம்பர் பேட்டரியிலிருந்தும் இழுக்கும். டீசல் என்றால் குளோ பிளக்கும், கம்மின்ஸ் எஞ்சினில் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரும் சேர்ந்துகொள்ளும். "காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஃப்யூஸ் போகிறது" என்றால் காரணம் இதுவே. எஞ்சின் ஓடிய பிறகு மட்டும் சேரும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகவோ, டிலே டைமர் வைத்தோ ட்ரிகர் கொடுங்கள். ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் அப்ஃபிட்டர் சுவிட்ச் (கூடுதல் கருவிகளுக்கென்று கம்பெனி வைத்த சுவிட்ச்) இருந்தால் அதிலேயே மாட்டி, கையால் போட்டுக்கொள்ளலாம். வேண்டாத நேரத்தில் அணைத்தும் வைக்கலாம்.

இன்னொரு கோளாறு, உள்ளே காண்டாக்ட் ஒட்டிக்கொள்வது. சாவியை எடுத்த பிறகும் இரண்டு பேட்டரியும் சேர்ந்தே கிடக்கும். காலையில் ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் இரண்டையும் காலி செய்திருக்கும், வண்டி செல்ஃப் எடுக்காது. சோதனை சுலபம். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, கேம்பரில் விளக்கெல்லாம் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து சாலினாய்டின் இரண்டு பெரிய ஸ்டட்டிலும் ஒவ்வொரு முனையைத் தொடுங்கள். கால் வோல்ட், அரை வோல்ட் என்று ஏதாவது காட்டினால் பிரிந்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும், 0.2க்கு மேல் போனால் காண்டாக்ட் கருகியிருக்கிறது.

வோல்டேஜ் பார்க்கும் ரிலே

ட்ரிகர் வயரே வேண்டாம் என்பது இதன் கவர்ச்சி. ப்ளூ சீ நிறுவனத்தின் 120 ஆம்பியர் ரிலேயை எடுத்துக்கொண்டால், 13.0 வோல்ட் 90 நொடி நின்றாலோ 13.6 வோல்ட் 30 நொடி நின்றாலோ சேரும், 12.75க்குக் கீழே 30 நொடி போனால் பிரியும். இரண்டு பக்கமும் பார்ப்பதால், நிறுத்தி வைத்திருக்கும்போது கேம்பரின் சோலார் ட்ரக் பேட்டரியையும் கவனித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கேம்பரோடு நிற்கும் வண்டிக்கு இது பெரிய வசதி.

ஆனால் இரண்டு இடத்தில் இது தடுமாறும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வோல்டேஜை இறக்கினால் ரிலே எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துப் பிரியும், ஏறினால் சேரும், இப்படியே வழிநெடுக. லித்தியத்தோடு கதை தலைகீழ். லித்தியம் அயன் ஃபாஸ்பேட் பேட்டரி சும்மா கிடக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். எஞ்சின் அணைந்தும் ரிலேக்குப் பிரியத் தோன்றாது. லித்தியம் ட்ரக்கின் ஈயப் பேட்டரிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். லித்தியத்துக்கு இந்த ரிலேயை யார் பரிந்துரைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம்.

மின்சாரத்தை ஒரே திசையில் விட்டு இரண்டு பேட்டரியையும் பிரித்துவைக்கும் டயோடு ஐசொலேட்டரைப் பற்றி ஒரு வரி போதும்: சிலிக்கான் டயோடில் 0.6, 0.7 வோல்ட் நிரந்தரமாகப் போகும், ஏற்கெனவே வோல்டேஜுக்குத் தவிக்கும் இடத்தில் அது தேவையில்லாத இழப்பு.

டிசி-டிசி சார்ஜர்

மற்றதெல்லாம் இரண்டு பேட்டரியைச் சேர்த்துப் பிரிப்பவை; இது வருகிற வோல்டேஜ் எதுவானாலும் வாங்கி, கேம்பர் பேட்டரிக்கு வேண்டிய 14.4ஓ 14.6ஓ ஆக்கிக் கொடுக்கும். வழியில் 1 வோல்ட் போனாலும், ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் 12.8க்கு இறக்கினாலும் கவலையில்லை.

லித்தியத்துக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம். அதன் உள்தடை மிகக் குறைவு. நேராகச் சேர்த்தால் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். குளிர்ச்சி இல்லாமல் முழு லோடு இழுத்தால் வைண்டிங் கருகும். போதாக்குறைக்கு, லித்தியத்தின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டான பிஎம்எஸ், பேட்டரி நிறைந்ததும் சட்டென்று கதவைச் சாத்தினால், திடீரென லோடு விட்ட ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் எகிறி டயோடுகள் போகலாம். டிசி-டிசி சார்ஜர் கரண்ட்டைக் கட்டுக்குள் வைப்பதால் இரண்டும் தவிர்க்கப்படும். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொன்டானாவிலோ ஒன்டாரியோவிலோ ஜனவரியில் ஓட்டுபவர்கள் வெப்பநிலை பார்த்து நிறுத்தும் பிஎம்எஸ் உள்ள பேட்டரியைத்தான் வாங்க வேண்டும்.

அளவு தேர்ந்தெடுப்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பெட்டியில் '30 ஆம்பியர்' என்று போட்டிருப்பது வெளியே போவது. 30 ஆம்பியரை 14.4 வோல்ட்டில் கொடுக்க 432 வாட். திறன் 88 சதவீதம், உள்ளே வருவது 12.5 வோல்ட் என்றால், ட்ரக்கிலிருந்து 39 ஆம்பியர் எடுக்கும். இதைச் செவன்-பின் வயரில் மாட்டினால் வோல்டேஜ் இறங்கும், இறங்கியதை ஈடுகட்ட சார்ஜர் இன்னும் அதிகம் இழுக்கும், 30 ஆம்பியர் ஃப்யூஸ் போகும். கேம்பருக்குள் தானே ரீசெட் ஆகும் பிரேக்கர் இருந்தால் 'டிக், டிக்' என்று விழுந்து எழுந்துகொண்டே இருக்கும். வெளியே பார்ப்பவருக்குச் சார்ஜர் கெட்டது போலத் தெரியும்.

செவன்-பின்னிலேயே ஓட்டியாக வேண்டுமென்றால் விக்ட்ரான் ஓரியன் வரிசையில் 18 ஆம்பியர் மாடல் போன்ற சிறியதை எடுங்கள். அதற்கு உள்ளே 24 ஆம்பியர் பக்கம் போகும். 30 ஆம்பியர் ஃப்யூஸ் தொடர்ந்து தாங்கும் எல்லை அதுதான். அப்போது எஞ்சின் ஓடுகிறதா என்று வோல்டேஜை வைத்துக் கண்டுபிடிக்கும் அமைப்பை அணைத்துவிட்டு, சாவியிலிருந்து ஒரு மெல்லிய சிக்னல் வயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜர் இழுத்ததும் வோல்டேஜ் விழும், எஞ்சின் அணைந்தது என்று நிறுத்தும், வோல்டேஜ் ஏறும், மறுபடி தொடங்கும்.

30 ஆம்பியர் சார்ஜருக்கு 4 கேஜ் ஜோடி வயர், முன்பக்கம் 60 ஆம்பியர் ஃப்யூஸ் என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜரைக் கேம்பருக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள். நீள வயரில் போன வோல்டேஜை அது கடைசியில் ஈடுகட்டும். பானட்டுக்குள் வைத்தால் ஈடுகட்டிய பிறகு மறுபடி இழக்கும், சூட்டில் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். உள்ளும் வெளியும் பிரிக்கப்படாத ('நான்-ஐசொலேட்டட்'), நெகட்டிவ் பொதுவான வகையே கேம்பருக்குப் போதும்.

குறைகளும் உண்டு. விலை சாலினாய்டைப் போல் பல மடங்கு. ட்ரக் பேட்டரி படுத்துவிட்டால் கேம்பரிலிருந்து உதவி வராது, ஒருவழிப் பாதை. சாலினாய்டு என்றால் ஒரு பட்டனை அழுத்தி இரண்டையும் சேர்த்து வண்டியைக் கிளப்பலாம். ஆளில்லாக் காட்டில் நிறுத்துபவர்கள் ஜம்பர் கேபிள் ஒன்றை வண்டியில் போட்டுவைத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று, ஈயப் பேட்டரிக்கு இதன் பலன் எல்லையுடையது. கடைசி 20 சதவீதத்தை ஈயம் மெதுவாகத்தான் வாங்கும். 60 ஆம்பியர் சார்ஜர் போட்டாலும் அந்தக் கடைசிப் படிக்கு மணிக்கணக்கு ஆகும்.

இணைக்காமலே இருக்கலாமா?

அமெரிக்க அரசின் பிஎல்எம் (நில மேலாண்மைத் துறை) நிலங்களில் ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள்வரை தங்கலாம். அப்படி நின்றுகொண்டே இருப்பவருக்கு ஆல்டர்னேட்டர் எதற்கு? கோடையில் 200 வாட் பேனல் நாளைக்கு 60 ஆம்பியர்-மணி அளவில் தரும். கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜுக்கும் விளக்குக்கும் அது சரியாக இருக்கும். மரநிழலில் நிறுத்துபவர்களும் குளிர்காலத்தில் போகிறவர்களும் மட்டும் இதை நம்பிக் கிளம்பக் கூடாது. தினமும் இடம் மாறுபவருக்கு வயரில் போடும் காசு பேனலில் போடும் காசைவிட நன்றாக வேலை செய்யும்.

எந்த வழியானாலும் செய்ய வேண்டியவை

வயரின் இரண்டு முனையிலும் ஃப்யூஸ் வேண்டும். இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் இரண்டு பக்கமிருந்தும் பாயும். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்கட்டும். லித்தியம் பக்கத்துக்கு கிளாஸ் டி (Class T) வகை. ஷார்ட்டில் லித்தியம் தள்ளும் கரண்ட்டைச் சாதாரண ஃப்யூஸ் அறுக்காமல் வளைவாகப் பொறி விட்டுக்கொண்டிருக்கலாம்.

லக்கை ஹைட்ராலிக் க்ரிம்பரில் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட்ஷ்ரிங்க் போடுங்கள். சுத்தியலால் தட்டியதும் ஈயம் ஊற்றி மட்டும் விட்டதும் அதிர்வில் தளரும். சேஸிஸ் ஓரமாக, சைலன்சர் இல்லாத பக்கமாக வயரைக் கொண்டுபோய், தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் கிராமெட் வையுங்கள்.

பின்தொட்டிக்கும் கேம்பருக்கும் நடுவில் ஆண்டர்சன் பிளக் (அதிகக் கரண்ட் தாங்கும், இழுத்துக் கழற்றும் இணைப்பு) நல்லது. எஸ்பி50 வகையின் முனைக்குள் 6 கேஜ் வரைக்குமே நுழையும். 4 கேஜ் என்றால் எஸ்பி120 அல்லது எஸ்பி175 வாங்க வேண்டும். ஒரே கலரில் இரண்டையும் வாங்குங்கள், வேறு வேறு கலர் ஒன்றோடொன்று மாட்டாது. பிளக்கைப் பின்தொட்டியின் முன்சுவரில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கேம்பரை ஜாக்கில் தூக்கிவிட்டு ட்ரக்கை முன்னால் எடுக்கும்போது கழற்ற மறந்த பிளக் வயரோடு பிய்த்துக்கொண்டு போவது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டி, பிளக்கைக் கழற்றிய பிறகே அதை அவிழ்ப்பது என்று பழக்கம் வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் கேம்பர் பேட்டரியைப் பாதிவரை இறக்கிவிட்டு எஞ்சினை 1500 சுற்றில் வைத்து அளந்து பாருங்கள். கிளாம்ப் மீட்டர் சாலினாய்டுக்கு 40 ஆம்பியருக்கு மேலும், 30 ஆம்பியர் டிசி-டிசிக்கு உள்பக்கம் 36 முதல் 40க்குள்ளும் காட்ட வேண்டும். குறைந்தால் ட்ரக் பேட்டரியின் பாசிட்டிவையும் கேம்பர் முனையின் பாசிட்டிவையும் நீள வயர் வைத்து அளந்து, அதேபோல நெகட்டிவ் இரண்டையும் அளந்து, எந்தப் பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கையும் ஒவ்வொரு லக்கையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வயரெல்லாம் வெதுவெதுப்பாக இருந்து ஓரிடம் மட்டும் சுட்டால், அந்த லக்கை வெட்டிப்போட்டுப் புதிதாக அடியுங்கள்.